மிதுனாவின் உத்தியோகம்

இரண்டு சின்னக் கதிரைகள். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. இரண்டும் பிளாஸ்டிக், என் முழங்கால் உயரம்கூட இல்லை. நேர்சரி வகுப்பின் நடுவில் அவை ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. மஞ்சள் கதிரையின் முதுகில் சாம்பல் நிற மஃப்ளர் ஒன்று சுற்றியிருக்கிறது. அது என்னுடையது. அன்று காலை வீடு முழுக்கத் தேடியும் கிடைக்காதது.

இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தில் நீதிமன்றத்தில் கண்டதையும் கேட்டதையும் எழுதி வந்தேன். எல்லாம் மற்றவர்கள் கூண்டில் நின்ற கதைகள். இந்த வாரம் நான் நின்ற கதை. நடந்து அதிக காலம் ஆகவில்லை, போன பள்ளித் தவணையின் கடைசியில்தான். மகள் வாசித்துவிட்டு, அனுப்புங்கள் என்று சொன்ன பிறகே அனுப்புகிறேன்.

உம்மும்மாவின் பல்

என் பேத்தி மிதுனாவுக்கு ஐந்து வயது. மகள் சுமதியின் ஒரே பிள்ளை. கண்டியில் கட்டுக்கலைக்கு மேலே ஒரு வீட்டின் கீழ்மாடியில் நடக்கிற நேர்சரிக்குப் போகிறாள். சிங்களப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், நம் பிள்ளைகள் எல்லாரும் கலந்த இடம். வாசலில் நுழைந்ததும் ஈரச் சப்பாத்தும் களிமண்ணும் பாற்சோறும் சேர்ந்த ஒரு வாசனை அடிக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் அங்கே 'ஷோ அண்ட் டெல்' என்று ஒன்று உண்டு. ஒரு பிள்ளை வீட்டிலிருந்து எதையாவது கொண்டுவர வேண்டும். நடுவில் நின்று அதைக் காட்டி, தன் வீட்டு மொழியில் அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொழி தெரியாத பிள்ளைகளுக்கு மிஸ் ஒருவர் மொழிபெயர்ப்பார். பெற்றோர் பின்சுவரோரம் நின்று பார்க்கலாம். மிதுனாவைக் கூட்டிப்போய் வருகிறவன் நான் என்பதால் நிறைய வெள்ளிக்கிழமைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பிள்ளை ஆமைக்குஞ்சு கொண்டுவந்தது. ஒரு பிள்ளை அம்மாவின் பழைய கைபேசியைக் கொண்டுவந்து, அது செத்துப்போனது என்று சொல்லி அழுதது. அகீல் என்ற பையன் ஒரு கண்ணாடிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, "இது எங்கட உம்மும்மாட பல்லு. அவ இப்ப வீட்ட கஞ்சி குடிக்கிறா" என்றான். கோப்பைக்குள் பாட்டியின் முழுப் பல்செட். அவனுடைய தாய் சுவரோரம் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பிள்ளைகள் வீட்டுக்குள் இருப்பதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பது அப்போது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மிதுனாவின் முறை வந்தது. பொம்மையைக் கொண்டுபோ, மீன் தொட்டியில் ஒரு மீனைப் போத்தலில் போட்டுத் தருகிறேன் என்றெல்லாம் சுமதி சொல்லிப் பார்த்தாள். பிள்ளை கேட்கவில்லை. தன்னுடைய வேலையைக் காட்டப் போகிறேன் என்றாள். உனக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். அப்பாவும் வர வேண்டும், தாத்தாவும் வர வேண்டும். அதில் பிடிவாதமாக இருந்தாள்.

அப்பாவும் தாத்தாவும் ஒரே அறையில் நிற்பது அவள் நினைப்பதுபோல அவ்வளவு சுலபமான காரியமல்ல. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஏணியில் நின்றவர்

என் மருமகன் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். தாயும் தகப்பனும் மலையில் உழைத்துப் படிக்க வைத்த பிள்ளை. பேராதனை ஆஸ்பத்திரியில் ஆய்வுகூடத்தில் வேலை. நாங்கள் டவுன் ஆட்கள். என் தகப்பனாருக்குக் கண்டி டவுனில் பலசரக்குக் கடை இருந்தது. இரண்டு குடும்பமும் ஒரே கடலைத் தாண்டி, அநேகமாகத் தமிழ்நாட்டின் ஒரே ஜில்லாவிலிருந்து வந்தவைதான். இருந்தும் டவுன்காரர் தோட்டத்தாரை ஒரு படி கீழே வைத்தே பேசிப் பழகினோம். நானும் அப்படித்தான். படித்தவன் என்பதால் அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

சுமதி அவரை விரும்பிக் கட்டினாள். நான் போய்க் கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் திரும்பி வந்தேன். பிறகு என் மனைவி இறந்தாள். அப்பாவைத் தனியே விட முடியாது என்று சுமதி, கணவனையும் கைப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மாவில்மடை ஏற்றத்தில் இருக்கிற என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முன்னறையில் விளக்கு எரியவில்லை. மருமகன் ஏணி வைத்து ஏறி, ஹோல்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பழைய சட்டத்தரணி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். சிங்களவர், நெடுநாள் பழக்கம். ஏணியை அண்ணாந்து பார்த்து, யார் இது என்று கேட்டார்.

வயரிங் பார்க்க வந்த ஆள் என்று சிங்களத்தில் சொன்னேன்.

யோசித்துச் சொன்னதல்ல. யோசிக்காமல் வந்தது என்பதுதான் இன்னும் கேவலம். மேலே அந்தக் கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு ஆணி திருகும் சத்தம் கேட்டது. விளக்கு எரிந்தது. அவர் இறங்கினார். ஏணியை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வந்தவருக்கு வழிவிட்டு, சமையலறைப் பக்கமாகப் பின்னால் போனார். வயரிங் பார்க்க வந்த ஆள் எப்படிப் போவாரோ அப்படி.

அதை அவர் சுமதியிடம் சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. அவர் காதில் விழவில்லை போலும் என்று நான் என்னை நம்ப வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை வழக்கம்போல, போயிட்டு வர்றேன் மாமா என்றார். என்னால் வாய் திறக்க முடியவில்லை. அதற்கு அடுத்த நாளும் முடியவில்லை. பேச்சை நிறுத்தியது அவரல்ல, நான். கொஞ்ச நாளில் என் வெட்கம் எனக்கே தெரியாமல் அவர் மேல் கோபமாகத் திரும்பிவிட்டது. அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எரிச்சல் வந்தது.

மிதுனா பேசத் தொடங்கிய காலம் அது. முன்னறையில் நான் இருப்பேன். பின்னால் சேர்த்துக் கட்டிய அறைகளில் அவர்கள். நடுவில் நீளமான நடை. உங்கப்பாகிட்டச் சொல்லு என்று ஆரம்பித்தேன். பிள்ளை அந்த நடையில் ஓடும். பதிலை எடுத்துக்கொண்டு திரும்பி வரும். முதலில் கொஞ்ச நாள் மருமகன் நேரே வந்து மாமா என்று பேசிப் பார்த்தார். நான் பிள்ளையைப் பார்த்தே பதில் சொன்னதால் அவரும் விட்டுவிட்டார். சுமதி அழுதாள், சண்டை போட்டாள், கடைசியில் களைத்துப்போனாள். நம் வீடுகளில் இது புதிதில்லை. பேச்சு நின்ற இரண்டு பேருக்கு நடுவில் ஒரு பிள்ளையை நிறுத்தாத குடும்பம் எத்தனை இருக்கும்? மூன்று வருடத்துக்கு மேல் அந்த வீடு அப்படியே ஓடியது.

மற்றவர்களுக்காக 'நான்'

வாசகர்களில் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் நீதிமன்றத்தில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் இடையே மொழிபெயர்த்தவன். முதலியார் என்பார்கள். அது பதவியின் பெயர், சாதியல்ல.

அந்த வேலையில் ஒரு விநோதம் உண்டு. சாட்சி 'நான் அடித்தேன்' என்றால் நாமும் 'நான் அடித்தேன்' என்றே சொல்ல வேண்டும். அவர் அடித்ததாகச் சொல்கிறார் என்று சொல்லக்கூடாது. களவெடுத்தவனுக்கும், களவு கொடுத்தவளுக்கும், பொய்ச் சாட்சிக்கும் நான் நானாக இருந்திருக்கிறேன். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, மெதுவாக்கக்கூடாது. கெட்ட வார்த்தையை அதே கெட்ட வார்த்தையாகத்தான் கொடுக்க வேண்டும்.

மடுல்கெல்லையிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர் ஒரு பசுமாட்டுக்காக வந்தார்கள். அக்கா கூண்டில் நின்று தங்கையைத் தமிழில் திட்டித் தீர்த்தாள். தங்கை அசையாமல் நின்றாள். நான் அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பெண் விம்மி விம்மி அழுதாள். நீதவான் ஆச்சரியப்பட்டு, தமிழில் சொன்னபோது அழாமல் இப்போது ஏன் அழுகிறாய் என்று கேட்டார். அக்கா சொல்றது பழக்கம் சாமி, இந்த ஐயா சொல்லும்போதுதான் வலிச்சது என்றாள். நான் அதையும் மொழிபெயர்த்தேன்.

அதில் எனக்குப் பெருமைதான் இருந்தது. மிதுனாவுக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருந்தேன். சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், கூட்டாதே, குறைக்காதே என்று. அவள் தலையாட்டுவாள். பிறகு நடையில் ஓடுவாள்.

செய்து காட்டல்

அந்த வெள்ளிக்கிழமை நல்ல மழை. நானும் மிதுனாவும் ஆட்டோவில் போனோம். மருமகன் அரைநாள் லீவு போட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். நனைந்த ஹெல்மட்டைக் கையில் பிடித்தபடி பின்சுவரின் ஒரு மூலையில் நின்றார். நான் மறு மூலையில்.

தமிழ் மொழிபெயர்க்கிற மிஸ்ஸுக்கு அன்று காய்ச்சல். நேர்சரியை நடத்துகிறவர் குமாரி மிஸ், சிங்களவர். என் பழைய வேலை அவருக்குத் தெரியும். முதலியார் மஹத்தயா இருக்கும்போது நமக்கு என்ன கவலை என்று சிரித்தபடி என்னை முன்னால் அழைத்தார். நான் போய்க் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். நிமிர்ந்து நின்றேன் என்றே சொல்ல வேண்டும். இளந்தாய் ஒருவர் கைபேசியை உயர்த்திப் படம் பிடிக்கத் தொடங்கினார்.

மிதுனா இரண்டு கதிரைகளை இழுத்து எதிரெதிரே போட்டாள். பையிலிருந்து என் மஃப்ளரை எடுத்து மஞ்சள் கதிரையில் சுற்றினாள். பின்னால் ஓடிப்போய் அப்பாவிடம் கையை நீட்டினாள். அவர் ஹெல்மட்டைக் கொடுத்தார். அது பச்சைக் கதிரையில் ஏறியது. அதிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

"இது எங்க தாத்தா. இது எங்க அப்பா. நான் நடுவுல. இதுதான் என் வேலை."

சிங்களத்தில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

அவள் மஃப்ளருக்குக் காதைக் கொடுத்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள். பேசுவதற்கு முன் நான் செருமுகிற அதே செருமல். குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு சொன்னாள்.

"உங்கப்பாகிட்டச் சொல்லு, பைக்க கேட்டுக்கு முன்னால நிப்பாட்ட வேணாம்னு. இது என்ன தோட்டத்து லயமா?"

என் காதுகள் சூடாகின. ஆனால் எல்லாருடைய கண்ணும் என் மேல் இருந்தது. வாய் தன் பழக்கத்தில் வேலை செய்தது. தோட்டத்தொழிலாளரின் வரிசை வீடுகளைக் குறிக்கிற அந்த லயம் என்பதையும் விடாமல் சொன்னேன். சுவரோரம் சில முகங்களில் சிரிப்பு நின்றது.

மிதுனா நின்ற இடத்திலேயே கால்களைத் தூக்கித் தூக்கி ஓடினாள். அது எங்கள் வீட்டு நடை. ஓடி முடித்து ஹெல்மட்டுக்கு முன்னால் குந்தினாள். இப்போது அவள் சொந்தக் குரல்.

"அப்பா, தாத்தா சொல்றாங்க, பைக் மழையில நனையுதாம். உள்ள கொண்டாந்து வச்சுக்கங்களாம்."

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற மோட்டார் சைக்கிளை அவர் உள்ளே, சரியாக என் ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் இரவு முழுக்கப் பல்லைக் கடித்தேன். அவர் என் அன்பை ஏற்றுக்கொண்டு செய்திருக்கிறார்.

குமாரி மிஸ் ஒரு கேள்வி கேட்டார். தாத்தா சொன்னது ஒன்று, நீ சொன்னது ஒன்று, ஏன்? அதை நான்தான் தமிழில் கேட்க வேண்டும். கேட்டேன்.

"தாத்தா சொல்றது சில நேரம் நல்லா இல்ல. அப்பிடியே கொண்டுபோனா அப்பா மூஞ்சி சின்னதாப் போயிரும். அதனால வழியில மாத்திருவேன்."

அதையும் சொன்னேன். ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. என் குரல் எனக்கு எங்கோ தூரத்தில் கேட்டது.

நான் மாற்றியது

அதோடு நிறுத்துவாள் என்று நினைத்தேன். அவளுக்கு இன்னொன்று இருந்தது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் மருமகனுக்குப் பேராதனையில் ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸ் வீடு ஒன்று கிடைப்பதாக இருந்தது. எடுக்கட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா, தாத்தாவைக் கேள் என்று பிள்ளையை அனுப்பினார். நான் ஒரு பதில் சொல்லி அனுப்பினேன். அவர் குவாட்டர்ஸ் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் அப்படிச் சொல்லியும் போகவில்லையே, மானமில்லாத மனிதர் என்று அவரைப் பற்றி நினைத்தேன்.

மிதுனா மறுபடி செருமினாள்.

"போகச் சொல்லு. போனா எனக்கு நிம்மதி."

குமாரி மிஸ் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். தாத்தா இருக்கச் சொன்னாராம் என்று சிங்களத்தில் சொன்னேன்.

வேலை செய்த காலம் முழுக்க ஒரு வாக்கியத்தையும் நான் மாற்றியதில்லை. கொலைகாரன் சொன்னதைக்கூட. அன்று மாற்றினேன். பிள்ளையும்தான் மாற்றினாள், ஆனால் அது அடுத்தவர் முகம் சின்னதாகக் கூடாது என்பதற்காக. நான் மாற்றியது என் முகத்துக்காக.

ஐந்து வயது என்பதால் அவளுக்குச் சிங்களம் தெரியாது என்று எப்படி நினைத்தேனோ. நாள் முழுக்க அந்தப் பிள்ளைகளோடு விளையாடுகிறவள்.

"பிழை தாத்தா," என்றாள். பிறகு குமாரி மிஸ்ஸைப் பார்த்து, தெளிவான சிங்களத்தில், "நே மிஸ், சீயா கிவ்வே யன்ன கியலா" என்றாள். இல்லை மிஸ், தாத்தா சொன்னது போகச் சொல்லித்தான்.

நான் பின்சுவரைப் பார்க்க நினைத்தேன், கழுத்து திரும்பவில்லை. மிதுனா தன் வேலையை முடிக்கிற அவசரத்தில் மறுபடி கால் தூக்கி ஓடி, ஹெல்மட்டிடம், நீங்கள் போய்விட்டால் தாத்தாவுக்குச் சோறு இறங்காதாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதை மொழிபெயர்க்க யாரும் என்னைக் கேட்கவில்லை.

குமாரி மிஸ் நல்லவர். எப்படியாவது இதைச் சிரிப்பாக முடித்துவிட நினைத்து, தாத்தா ஏன் அப்பாவிடம் நேரே சொல்வதில்லை என்று கேட்டார். அதையும் நான்தான் கேட்க வேண்டியிருந்தது. தாத்தா ஏன் அப்பாவிடம் நேரே சொல்வதில்லை என்று என் வாயால், என் பேத்தியிடம் கேட்டேன்.

அவள் இதை முன்பே யோசித்து வைத்திருந்தவள்போல உடனே சொன்னாள்.

"தாத்தாவுக்கு அப்பா பேரு தெரியாது. இத்தன நாள் கழிச்சுக் கேக்க வெக்கம்."

எல்லாரும் என் சிங்களத்துக்காகக் காத்திருந்தார்கள். அகீல்கூட.

பின்னாலிருந்து மருமகனின் குரல் கேட்டது. நல்ல சிங்களம், என்னுடையதைவிட இயல்பானது. சீயாவுக்கு வயசாகிவிட்டது, என் பெயர் அடிக்கடி மறந்துபோகிறது என்கிறாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அறை முழுக்க மூச்சு விட்டது. எல்லாரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள்.

அவரும் வழியில் மாற்றிவிட்டார்.

முன்னால் வந்து மிதுனாவின் தலையைத் தடவினார். பச்சைக் கதிரையிலிருந்து ஹெல்மட்டை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமல் மழைக்குள் போனார்.

திரும்பி வரும் வழியில்

ஆட்டோவில் மிதுனா சந்தோஷமாக இருந்தாள். குமாரி மிஸ் அவள் கையில் நட்சத்திரம் ஒட்டியிருந்தார். வாவிப் பக்கம் வாகனம் நெரிந்து நின்றபோது அவளிடம் கேட்டேன். அப்பா எனக்குச் சொல்லி அனுப்பியதையும் இப்படி மாற்றித்தான் சொன்னாயா என்று.

அவர் அனுப்பிய பேச்செல்லாம் என் மனதில் வரிசையாக வந்தது. தாத்தா பிரஷர் குளிசை போட்டாங்களான்னு கேளு. படியில பாசி புடிச்சிருக்கு, தாத்தாவ பாத்து வரச் சொல்லு. ஹேவாஹெட்டயில இருந்து மரக்கறி வந்திருக்கு, தாத்தாவுக்கு என்ன வேணும்னு கேளு. அவையெல்லாம் பிள்ளையின் கற்பனை என்று அவள் சொல்லிவிட வேண்டுமென்று நான் விரும்பினேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவரும் என்னைப் போலத்தான் என்றால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மிதுனா நட்சத்திரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா சொன்னத மாத்தவே இல்ல தாத்தா. அது நல்லாத்தானே இருந்துச்சு."

"தெரியும் மாமா"

பெற்றோர் குழுவில் வீடியோ மதியத்துக்குள் சுற்றிவிட்டது. சுமதி வேலை செய்யுமிடத்திலேயே அதைப் பார்த்துவிட்டாள். வந்து கைப்பையைக்கூட வைக்காமல் என் முன்னால் நின்றாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நீங்க சிங்களத்துல மாத்திச் சொன்னதும் அதுல இருக்குப்பா," என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய் அரிசி கழுவத் தொடங்கினாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மோட்டார் சைக்கிள் வந்தது. நான் எழுந்து அந்த நடையைத் தாண்டிப் பின்னறை வாசலுக்குப் போனேன். என் வீட்டின் அந்தப் பக்கத்தை நான் பார்த்தே வெகுகாலம். சுவரில் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்து ஹெல்மட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"போகச் சொன்னது நான்தான்," என்றேன்.

"தெரியும் மாமா."

"இன்னைக்குக் கேட்டீங்க..."

"இன்னைக்கு இல்ல. அன்னைக்கே தெரியும். நீங்க எங்கள இருக்கச் சொல்ற ஆளா? சோறு எறங்காதுன்னு வந்து சொல்லுது புள்ள. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அதுக்கு இங்க இருக்கத்தான் ஆசைன்னு வெளங்குச்சு. அதான் குவாட்டர்ஸ வேணாம்னேன்."

இனி பிள்ளை சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன், இருங்கள் என்றேன். பாதி வார்த்தைகள் வெளியே வந்தனவா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் ஹெல்மட்டைத் திருப்பி மறுபக்கத்தைத் துடைத்தார். கோபமாகத் தெரியவில்லை. களைப்பாக இருந்தார்.

"தெரியாத மாதிரி இருந்தேன், இருக்க முடிஞ்சிச்சு. இப்ப எல்லாருக்கும் தெரியும். என்னோட வேல செய்யிறவங்க வரைக்கும் வீடியோ வந்துருச்சு. இனியும் இங்க இருந்தா, நான் வயரிங் பாக்க வந்த ஆள்தான் மாமா."

எனக்குப் பின்னால் சமையலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. சுமதிக்கு அந்தக் கதை அன்றுதான் தெரியும்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேனா? சொல்லவில்லை. ஆயிரம் பேருடைய மன்னிப்பை மொழிபெயர்த்திருக்கிறேன். சொந்தமாகச் சொல்ல ஒரு வாக்கியம் வரவில்லை. அவர் எனக்காகக் காத்திருந்தார் என்றுகூட நினைக்கிறேன். பிறகு துணியை உதறிக் கொடியில் போட்டார். நான் நடையில் திரும்பி வந்தேன்.

கெலிஓயா

பள்ளி விடுமுறை முடிவதற்குள் போய்விட்டார்கள். குவாட்டர்ஸ் வேறு யாருக்கோ போயிருந்தது. கெலிஓயாவில் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்தார்கள். லொறியில் சாமான் ஏற்றும்போது மிதுனா என்னிடம் வந்து, அங்கே தனக்கு வேலை இருக்காதா என்று கவலையோடு கேட்டாள். இருக்காது என்றேன். அப்போ தாத்தா சொல்றத யாரு கொண்டுபோவாங்க என்றாள்.

சுமதி ஒவ்வொரு நாளும் அழைக்கிறாள். குளிசை போட்டேனா என்று கேட்கிறாள். அது அவள் கேள்வியா, அவர் கேட்கச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவு வரவில்லை. வீட்டில் நடை முழுக்க என் செருப்புச் சத்தம் மட்டும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை கண்டியில் பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. பேராதனைப் பாலத்தில் வழக்கம்போல நெரிசல். நல்ல வெயில், ஆற்றிலிருந்து சேற்று வாசனை வந்தது. வழி முழுக்க ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். சுமதி அனுப்பிய விலாசத்தைக் கடையொன்றில் கேட்டுக் கண்டுபிடித்தேன். பக்கவாட்டுப் படி. ஏறி முடிக்க எனக்கு நேரம் எடுத்தது.

கதவு திறந்திருந்தது. மிதுனா தரையில் கிடந்து வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். அம்மா கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். உள்ளே எங்கோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா பின்னால இருக்காரு," என்றாள். உடனே நிமிர்ந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்றாள். நான் அந்த நிலையில் அவளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். "என்ன சொல்லணும் தாத்தா?"

"நீ ஒன்னும் சொல்ல வேணாம். நானே கூப்பிடுறேன்."

செருமினேன். ஒரு தடவை போதவில்லை.

"ஜெகதீசன்," என்றேன்.

துவைக்கும் சத்தம் நின்றது.

"யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டது.

அந்தப் பெயரை என் குரலில் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. யாரென்று எப்படித் தெரியும்? ஈரக்கால் நடந்து வரும் சத்தம் கேட்டது. மிதுனா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வர்ணம் பட்ட இரண்டு கைகளாலும் தன் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டாள்.